பன்னிரண்டாவது நன்றி

வாஷிங் மெஷின் மெக்கானிக்குகளுக்கென்று ஒரு விக்கி இருந்தது. எந்த மெஷினில் என்ன கோளாறு, எப்படிச் சரிசெய்வது என்று அவர்களே எழுதிச் சேர்க்கும் தளம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம் என்பது சட்டம். ஆனால் ஒன்பது வருஷமாக அதில் முக்கால்வாசியை எழுதியது ஒரே ஆள். எழுத வேண்டுமென்றால் ஏகப்பட்ட அடைப்புக்குறிகள் போட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பக்கமே கலைந்துவிடும். அந்த வித்தை அவருக்கு மட்டும்தான் கைவந்திருந்தது. அதனால் அடைப்புக்குறி என்றே அவரைக் கூப்பிட்டார்கள். கேலிக்கு வைத்த பெயரைத்தான் அவர் பட்டமாக எடுத்துக்கொண்டு தளத்திலும் சூட்டிக்கொண்டார்.

மற்ற மெக்கானிக்குகள் தாங்கள் கண்டுபிடித்ததை பழைய பில்லின் பின்பக்கத்தில் கிறுக்கி அவர் கடைக்கு எடுத்துவருவார்கள். கொஞ்சம் ஏற்றிவிடுங்கள் அண்ணே என்று குழைவார்கள். அவர் லேசில் ஏற்றமாட்டார். இரண்டு நாள் நடக்கவிட்டால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

அந்த வருஷம் தளத்தை நடத்துகிறவர்கள் புதியவர்களுக்காக எல்லாவற்றையும் எளிதாக்கிவிட்டார்கள். அடைப்புக்குறி போயே போய்விட்டது. வாயால் சொன்னால் எழுத்தாக விழும், படம் எடுத்தால் தானாக ஒட்டிக்கொள்ளும். ஏன் மாற்றினீர்கள் என்ற கேள்விக்குக்கூடத் தட்டச்சு வேண்டாம். ‘தகவல் சேர்த்தேன்’, ‘பிழை திருத்தினேன்’, ‘என் தவறு’ என்று மூன்று பொத்தான்கள். பால்குடி மறக்காத பிள்ளைக்குச் செய்ததுபோல் இருக்கிறது என்று அவர் காறித் துப்பினார். கடை வாசலில் சீட்டோடு நிற்க ஆளில்லாமல் போனது.

அதையும் பொறுத்திருப்பார். பொறுக்க முடியாதது மச்சினன். மனைவியின் தம்பி, அவரிடம் தொழில் கற்காமல் வேறு எங்கோ கற்றுக்கொண்டு அடுத்த தெருவில் கடை போட்டவன். அவன் எழுத ஆரம்பித்தான். படித்துப் பயன்பெற்றவர்கள் ‘நன்றி’ என்ற பொத்தானை அழுத்தலாம். ஒன்பது வருஷத்தில் அவருக்கு வந்தது பதினொன்று. மச்சினனுக்கு ஒரே மாதத்தில் நாற்பத்து மூன்று.

மனைவி தட்டு வைத்துக்கொண்டே அந்தக் கணக்கைச் சொன்னாள். அவர் சாப்பாட்டில் உப்பில்லை என்றார். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் மச்சினன் எழுதிய புதிய குறிப்பு ஒன்றைத் திறந்தார். படம் கோணலாக இருந்தது. மாதிரி எண் அதற்குரிய கட்டத்தில் இல்லை. நடை அப்படியே பேச்சு. அதற்கு மேல் படிக்காமலே அழித்தார். காரணம் என்ற இடத்தில் ‘விதி 17-க்குப் புறம்பானது’ என்று எழுதினார். விதிகளை எழுதியவரும் அவர்தான், நாற்பத்திரண்டு பக்கம்.

மச்சினன் மத்தியானமே கடைக்கு வந்துவிட்டான். கோபமாக வந்திருந்தால் அவருக்கு நன்றாயிருந்திருக்கும்.

"எங்க தப்புன்னு சொல்லுங்க மாமா, திருத்திக்கறேன்."

"விதியைப் படி."

"படிச்சேன், ஒண்ணும் புரியல. விடுங்க மாமா, எனக்கு எழுத்தெல்லாம் ஒத்துவராது." போய்விட்டான். அதோடு எழுதுவதையும் நிறுத்திவிட்டான். அடைப்புக்குறிக்கு இரண்டு வாரம் நல்ல தூக்கம்.

மூன்றாவது வாரம் ஒரு குழந்தைகள் காப்பகத்திலிருந்து கூப்பிட்டார்கள். மெஷின் தண்ணீர் எடுக்கிறது, துவைக்கிறது, பிழியும்போது நின்றுவிடுகிறது. அவர் மீட்டர் வைத்துப் பார்த்தார், எல்லா வயரும் நன்றாக இருந்தது. போர்டை மாற்றினார். நின்றது. மோட்டாரை மாற்றினார். நின்றது. மூன்றாவது முறை போனபோது நடைவழி முழுக்க ஈரத் துண்டுகளும் குட்டிக் குட்டிச் சட்டைகளும் குவிந்து கிடந்தன. காப்பகத்து அம்மா கைப்பேசியும் கையுமாக நின்றார்.

மெஷின்காரர்களின் விக்கியில் தானே தேடிப் பார்த்ததாகச் சொன்னார். பக்கத்தில் ஒன்றுமில்லையாம். ‘வரலாறு’ என்றிருந்ததை அமுக்கினால் அழித்ததெல்லாம் வந்து நின்றதாம். அதிலிருந்து சத்தமாகவே படித்தார்: "மீட்டர்ல நல்லாத்தான் காட்டும், ஏமாந்துடாதீங்க. மோட்டாருக்குப் போற வயர், மெஷின் ஆடாம இருக்க வச்ச கான்கிரீட் வெயிட்டுக்குப் பின்னால உரசி உள்ளுக்குள்ளயே அறுந்து தொட்டுக்கிட்டிருக்கும். இழுத்துப் பாருங்க, கையோட வரும்."

அவர் இழுத்தார். கையோடு வந்தது.

"இவ்வளவு தெளிவா எழுதியிருக்காரு, இதைப் போய் யாரோ அழிச்சிருக்காங்க," என்றார் அந்த அம்மா. "அடைப்புக்குறின்னு ஒருத்தராம். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க," என்றார் அடைப்புக்குறி.

வயரை ஒட்டுப்போட்டு மெஷினை ஓடவிட்டுப் படியிறங்கினார். நடைவழியில் குவிந்து கிடந்த துணிக்கு அவரேதான் காரணம் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் மனம் போனது வேறு பக்கம். இது நமக்கு ஏன் தோன்றவில்லை, அவனுக்கு எப்படித் தோன்றியது என்றே அது அரித்தது.

தெரு விளிம்பில் வண்டியின் மேல் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். ‘மீட்டெடு’ என்பதை அமுக்கியதும் காரணம் கேட்டது. ‘மறுபரிசீலனைக்குப் பின்’ என்று எழுதினார். அழித்தார். ‘விதி 17 தளர்த்தப்பட்டதால்’ என்று எழுதினார். அதையும் அழித்தார். அவர் பெயர் அழித்த இடத்திலும் நிற்கும், மீட்ட இடத்திலும் நிற்கும். அந்த வரலாற்றை அழிக்க அவராலும் முடியாது. கீழே அந்த மூன்று பொத்தான்கள் காத்திருந்தன. பிறகு ‘என் தவறு’ என்பதை அமுக்கினார். உண்மையிலேயே எளிதாகத்தான் செய்திருந்தார்கள்.

வண்டியைக் கிளப்புவதற்குள் கைப்பேசி துடித்தது. மீட்டதற்கு மச்சினன் ‘நன்றி’ பொத்தானை அழுத்தியிருந்தான். ஒன்பது வருஷம் மாய்ந்து மாய்ந்து எழுதியபோது லேசில் வராத நன்றி, இதற்கு வருகிறது, அதுவும் அவனிடமிருந்து. பதினொன்று பன்னிரண்டாகிவிட்டதா என்று மட்டும் இரண்டு முறை பார்த்துவிட்டுக் கிளம்பினார்.