வீடு என்றால் மூத்தவர்

சென்னையில் மென்பொருள் எழுதிப் பிழைத்துவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பியவனுக்கு ஊரில் கிடைப்பது பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை எடுப்பவனுக்கான மரியாதைதான். அதனால் பக்கத்துத் தெரு ஆச்சி, "தம்பி, எங்க வீட்டு வெப்சைட்டைக் கொஞ்சம் வந்து பாக்குறீகளா?" என்றபோது ஸ்குரூடிரைவரையும் எடுத்துக்கொண்டே போனேன்.

வீடு ஒன்று, பங்கு இரண்டு. முகப்பும் அதையடுத்து முற்றம் சூழ்ந்த வளவும் ஆச்சியின் கணவருடைய அண்ணனுக்கு; அதற்குப் பின்னாலுள்ள இரண்டாங்கட்டு ஆச்சிக்கு. இருவருமே சுற்றுலா வருகிறவர்களுக்கு அறை விடுகிறார்கள். இணையதளம் மட்டும் பொது. மூத்தவர் பக்கம் ஆட்கள் நிரம்பி வழிய, ஆச்சி பக்கம் ஈ காக்கை இல்லை.

"ரூமைப் பூட்டிப்புட்டு மகன்கிட்டயே போயிரலாமான்னு இருக்கு, தம்பி."

கைபேசியில் 'இரண்டாங்கட்டு' என்பதை அமுக்கினேன். திரையில் மூத்தவரின் படம் கைகூப்பிச் சிரித்தது. ஆச்சி பக்கத்துக் கிணற்றங்கரைப் படத்தை அமுக்கினேன். அங்கேயும் அவரே.

"ஆச்சி, இதை நீங்க அமுக்கிப் பாத்ததே இல்லையா?"

"பாத்தேனே. மூத்தவுக முதல்ல வர்றதுதானே முறைன்னு இருந்துட்டேன்."

உள்ளே திறந்து பார்த்தேன். யாராவது ஒரு முகவரி கேட்டு வந்தால், தளம் தன் விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். இங்கே முதல் விதி: 'வீடு' என்று தொடங்கி, பின்னால் என்ன வந்தாலும் மூத்தவர் பக்கம். அடுத்த விதி: 'வீடு', பிறகு 'இரண்டாங்கட்டு' என்று வந்தால் ஆச்சி பக்கம். தளம் பிறந்த நாளிலிருந்து அந்த இரண்டாவது விதியை யாரும் எட்டியதே இல்லை.

கொதித்துப்போய் முகப்புக்குப் போனேன். "உங்க பக்கத்துக்கு 'முகப்பு'ன்னு ஒரு பேர் வைப்போம், அண்ணே. இல்லாட்டி இந்த வரியைக் கீழ இறக்குவோம்."

"இறக்குறதா? தளம் செஞ்சவன்கிட்ட நாந்தான் என்னை மேல வைக்கச் சொன்னேன். கோயில்ல மாலை யாருக்கு முதல்ல போடுறாக?"

"உங்களுக்குத்தான். ஆனா வாங்கிக்கிட்டு நகர்ந்துருவீகள்ல? இங்க நகரவே மாட்டேங்கிறீகளே!"

"வீடுன்னா நாந்தான். எனக்கெதுக்குத் தனிப்பேரு?"

கணினிக்கு அண்ணனும் தெரியாது, தம்பியும் தெரியாது என்று மேடை கிடைத்த இடத்திலெல்லாம் முழங்கியவன் நான். ஒரு ஆள் அதற்கும் தெரியவைத்துவிட்டார். அந்தத் தளத்தைச் செய்தவனும் அட்சரம் பிசகாமல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்!

ஆச்சியிடம் வந்து புலம்பினேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "பின்தெருப் பக்கம் எங்களுக்குத் தனி வாசல் இருக்கே. பால்காரர் அங்குட்டுத்தான் வாராரு. ஆளுகளும் அப்படி வந்தா என்ன?"

என் படிப்பெல்லாம் எங்கே போயிருந்ததோ. 'வீடு' என்ற சொல்லே இல்லாமல், 'பின்வாசல்' என்று தொடங்கும் புது முகவரி எழுதி, ஆச்சி பக்கத்தை அதில் வைத்தேன். மூத்தவரின் வரி அலுங்காமல் உச்சியிலேயே இருந்தது. அமுக்கினேன். ஆச்சியின் அறைகள் முதன்முறையாக வந்தன. வெகுநேரம் பார்த்தவர், "மூத்தவுக படத்தைக் காணோமே?" என்றார்.



அடுத்த வாரமே ஒரு தம்பதி பெட்டியோடு பின்தெருவில் வந்து இறங்கினார்கள். மறுநாள் மூத்தவர் என்னைக் கடைத்தெருவில் மறித்தார்.

"என் வீட்டுக்குப் பின்னால எவன்யா வாசல் வச்சது?"

"வீட்டைக் கட்டுறப்பவே உங்க ஐயா வச்சதுதான், அண்ணே."