திசைக்கு ஒரு சொல்

மூன்று வருடங்களுக்கு முன், ஜூன் மாதக் குளிரில், மேற்கு சிட்னியில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் நடந்தது இது. நான் அங்கே பிசியோதெரபிஸ்ட்.

என்னிடம் சிகிச்சைக்கு வந்தவர் பஸ் ஓட்டுநராக இருந்த ஒரு பெண். என் வயதுதான், நாற்பத்தைந்து இருக்கும். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்திருந்தன. நாம் சொல்வதெல்லாம் புரியும்; பதிலுக்கு இரண்டு மூன்று சொற்கள்தான் வரும்.

அவர் பேகன் வழிபாட்டுக்காரர். சூரியனையும் மண்ணையும் பழைய தெய்வங்களையும் கும்பிடுகிறவர்கள் என்று அவருடைய தோழி எனக்கு விளக்கினார். ஆஸ்திரேலியாவில் ஜூனில் வரும் வருடத்தின் மிக நீண்ட இரவு தொடங்கும் மாலையில், நின்றபடி நான்கு திசைகளையும் அழைத்து விளக்கேற்ற வேண்டுமாம். ஒவ்வொரு வருடமும் இவர்தான் முன்னின்று செய்வாராம்.

"இந்த முறை நான் வாசிக்கிறேன், நீ உட்கார்ந்து பார்" என்றார் தோழி.

இவர் தலையாட்டி மறுத்தார். என்னைப் பார்த்துத் தன் காலைத் தட்டிக் காட்டினார். நிற்க வேண்டும்.

ஒன்பது நாட்களே இருந்தன. அவரால் அரை நிமிடம்கூட நிற்க முடியவில்லை. தினமும் வியர்த்துக் கொட்டும், கண் கலங்கும், மறுபடி எழுவார்.

அந்த மாலை தோட்டத்துக்குச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனேன். நெருப்புக்கு அனுமதி இல்லை, பேட்டரி மெழுகுவர்த்திதான். இடுப்புப் பட்டையைப் பிடித்து எழுப்பினேன். சூரியன் இறங்கிக்கொண்டிருந்த மேற்கைப் பார்த்து நின்றார். "கிழக்குதான் முதல்..." என்று தொடங்கிய தோழி, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கையிலிருந்த மந்திரத் தாளையும் மடித்துவிட்டார்.

"கம்" என்றார் அவர், வா என்று. அவ்வளவுதான் வந்தது. சின்னச் சின்ன அடியாகத் திரும்பி, அடுத்த திசைக்கும் "கம்." மூன்றாவதில் முழங்கால் மடங்கியது. "போதும், உட்காருங்கள்" என்றேன்.

"நோ!"

நான்காவது திசைக்கும் அதே சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் சரிந்தார். தோழி அழுதார். அவரோ சிரித்தார்.

வீட்டுக்கு வந்து நேராகச் சாமி அறைக்குப் போனேன். ஷிஃப்ட் வேலையில் முறைப்படி செய்ய நேரமில்லை என்று பல மாதமாக விளக்கே ஏற்றாமல் இருந்தவள் நான்.

"குளிக்கேல்லையே? யூனிஃபோர்மோடயோ?" என்றார் கணவர்.

"ஓம், இப்பிடியேதான். இண்டைக்கு விட்டா பிறகும் விட்டிடுவன்" என்று சொல்லித் தீக்குச்சியைக் கிழித்தேன்.

இப்போதும் பூ இல்லாத நாட்கள், மந்திரம் தவறும் நாட்கள் எனக்கு உண்டு. ஆனால் அதைச் சாக்காக வைத்து அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போக மட்டும் மனம் வருவதில்லை.