வெளியே வீசிய ஃபேன்

பழைய கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு ஃபேன் மாட்டினால் பலன் உண்டா என்று கேட்டால், உண்டு என்பேன். யாருக்குப் பலன் என்பதுதான் விஷயம்... இது நடந்தது. நடுநிசி, ஊளையிடும் நாய் எதுவும் கிடையாது. பட்டப்பகல். நம்பாதவர்கள் பேட்ஜ் அக்கா கடைக்குப் போய், அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து பேசட்டும்.

பள்ளிச் சட்டைகளுக்கு பேட்ஜ் தைப்பதால் அவள் பேட்ஜ் அக்கா. அவளுடைய எம்பிராய்டரி மெஷின் ஒரே ஒரு கம்ப்யூட்டர் பேச்சைத்தான் கேட்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய அரதப் பழசு. வெயில் ஏறினால் பெட்டி கொதித்து, பாதித் தையலில் அணைந்துவிடும். அந்த நேரம் பார்த்துப் பெரிய பள்ளி ஒன்றின் ஆர்டர். அது சொதப்பினால் கடையை மூடிவிட்டு அண்ணன் வீட்டோடு போய்விட வேண்டும் என்று பேச்சு. அண்ணன் அறையைக்கூட ஒழித்து வைத்துவிட்டார்.

பெட்டியை விற்ற மெக்கானிக்கோ, "தூசி தட்டுங்கக்கா, போதும். ஃபேன் எல்லாம் வெட்டிச் செலவு" என்றான்.

"ஏன்?"

"வேண்டாம்னா விடுங்களேன்."

அக்காவிடம் வேண்டாம் என்று சொன்னால் போச்சு. பெட்டியின் பக்கவாட்டில் வலை போட்ட ஓட்டை ஒன்று காலியாக இருந்தது. தானே ஃபேன் வாங்கி வந்து, காற்று உள்ளே போகும்படி அம்புக்குறி பார்த்து மாட்டினாள். அன்று முழுக்கப் பெட்டி அணையவே இல்லை.

மறுநாள் ஒரு நூல் துணுக்கு. உள்ளே இழுக்கிற ஃபேன் என்றால் அது வலையில் போய் ஒட்ட வேண்டும். இது அவள் முழங்கால் பக்கம் பறந்து வந்தது. கழற்றிப் பார்த்தால் அம்பு வெளியே பார்க்கிறது. தன் தப்புதான் என்று திருப்பி மாட்டி, யாராவது கழற்றினால் தெரியட்டும் என்று திருகாணித் தலைகளில் நகப்பூச்சு வைத்தாள்.

அடுத்த நாளும் வெளியேதான் வீசியது. நகப்பூச்சில் ஒரு கீறல் இல்லை.

வலையில் ஈரம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். துணியால் துடைத்தாள். திரும்ப வந்தது.

கரண்ட் போனது. மெஷின் நின்றது. ஃபேன் நின்றது.

ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை.

ஸ்ஸ்ஸ்... ஹா...

முழங்காலுக்குப் பக்கத்தில்.

ஸ்ஸ்ஸ்... ஹா...

ஈர வட்டம் பெரிதானது. சுருங்கியது. பெரிதானது.

வாசல் நாலு எட்டுதான். ஆனால் ஓடினால் அண்ணன் வீடு. அவள் அசையவில்லை.

"இந்தா பாரு. நீ யாரா வேணா இரு. ஆர்டர் முடியாம நான் எழுந்திருக்க மாட்டேன். காத்துதானே வேணும்? எடுத்துக்கோ. என் வேலையைக் கெடுக்காத."

சத்தம் நின்றது. கரண்ட் வந்தது. ஃபேன் வெளியே வீசியது... கடைசி பேட்ஜ் வரை பெட்டி ஒருமுறைகூட அணையவில்லை.

ஆர்டரைக் கொடுத்துவிட்டு நேரே மெக்கானிக்கிடம் போனாள். "பெட்டிக்குள்ள யாருடா இருக்கா?"

அவன் முகம் வெளிறியது. "அந்த ஓட்டையில முன்னாடியே ஒரு ஃபேன் இருந்துச்சுக்கா. வெளிய வீசற மாதிரி. நான்தான் கழட்டினேன். முன்னாடி இந்தப் பெட்டியை வெச்சிருந்தவர் சன்னல் இல்லாத ரூம்ல வேலை பாத்தவர். பக்கத்துல தீப்பிடிச்சு உள்ள ஒரே புகை. கதவு திறக்கல. அந்த ஃபேன் காத்துலயே மூச்சு விடப் பாத்திருக்கார். வலையில முகத்தை அழுத்தினபடி கிடந்தாராம்."

"அப்போ... உள்ள இல்லையா?"

"இல்லக்கா. வெளிப்பக்கம்."

அந்த ஈரத்தைப் பெட்டியைத் திறக்காமலேதான் துடைத்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அத்தனை நாளும், முழங்காலை ஒட்டி...

மறுநாள் காலை வழக்கம்போலக் கடையைத் திறந்தாள். ஃபேனைக் கழற்றவில்லை. தன் நாற்காலியை மட்டும் ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அவரும் உட்கார வேண்டுமே.