முன் சக்கரத்துக்கு மட்டும் ஓர் எலுமிச்சம்பழம்

இந்த ஊரில் எதைக் கேட்பதற்கு முன்னாலும், ராத்திரி எப்படித் தூங்கினாய் என்று கேட்க வேண்டும். உப்பு வாங்கவும் அதுதான், பைக்கில் ஏறவும் அதுதான். "வாசுஸே ஓத்யா?" கம்பாலாவுக்கு வந்த புதிதில் எனக்கு இது பிடிபடவில்லை. ஓசூரில் விடியக்காலை கம்பெனி பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரன் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டோம். மூடிய கண்ணை சிப்காட் கேட்டில்தான் திறப்போம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் எடுத்த எடுப்பில் "வொர்க்‌ஷாப்புக்கு எவ்வளவு?" என்று கேட்டேன். வாடகை பைக் ஓட்டும் வாஸ்வா இஞ்சினை அணைத்துவிட்டு, "நான் நல்லா தூங்கினேன். நீ?" என்றார். நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்கு மரியாதை கற்றுக்கொடுத்தவர். அன்றிலிருந்து அவர் வண்டிதான் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையிலும் பக்கத்துப் பக்கத்தில்தான் முழங்காலிடுவோம்.

இங்கே வாடகைக்கு ஓடும் பைக்குக்கு போடா போடா என்று பெயர். அவை நிற்கும் இடம் ஸ்டேஜ். எங்கள் ஸ்டேஜ் ஒரு பலாமரத்தடியில் இருக்கிறது. அங்கே நிற்கும் வண்டிகளில் பல, ஓசூரிலிருந்து பாகங்களாகப் பெட்டியில் வந்து இங்கே பூட்டப்பட்டவை. நான் ஓசூரில் பைக் பூட்டும் லைனில் நின்றவன். இப்போது இங்குள்ள மெக்கானிக்குகளுக்கு அதே வேலையைப் பழக்குகிறேன். என் அப்பாவும் அம்மாவும் நாட்றாம்பாளையம் பக்கம் அடுத்தவர் ராகிக் காட்டில் கூலிக்குப் போனவர்கள். பிறகு ஓசூர் வந்து அப்பா லாரியில் லோடு ஏற்றினார், அம்மா ரோஜாப் பண்ணையில் பூ வெட்டினாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் படித்து, இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். கிளம்புகிற அன்று அம்மா என் சட்டைப் பையில் ஜெபமாலையைத் திணித்து, "அங்க சூனியம் கீனியமெல்லாம் வெப்பாங்களாமே சாமி. யாரு கையாலயும் எதையும் வாங்கித் தின்னுடாத" என்றாள்.

எங்கள் பேட்டையில் உகாண்டாக்காரர்களோடு காங்கோ, தெற்கு சூடான், ருவாண்டாவிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து கோயில் பள்ளிக்கூட மைதானத்தில் ஆப்பிரிக்கக் கலைத் திருவிழா எடுக்கிறார்கள். ஒரு ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறு முடியும். ஒரு மூலையில் மரப்பட்டையை அடித்து அடித்தே துணியாக்குவார்கள். தறியும் இல்லை, நூலும் இல்லை. இன்னொரு மூலையில் காங்கோக்காரர்களின் முகமூடிகள். ஆளுயர மேளங்கள். இரண்டு ஞாயிறும் ஊர்வலம் உண்டு, அதற்கு முன்னால் போவது ஸ்டேஜ்காரர்களின் அலங்கரித்த வண்டிகள். இந்த முறை வாஸ்வாவின் புது பைக்தான் தலைவண்டி. அவர் மனைவி நகாயி மட்கார்டில் கொண்டை வைத்த கொக்கை வரைந்து, சீட்டுக்கு மரப்பட்டைத் துணி தைத்திருந்தாள். அவள்தான் கேட்டாள்: "இது உங்க ஊர் வண்டியாச்சே, புது வண்டிக்கு அங்க என்ன செய்வீங்க?"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஆயுத பூஜை அன்று எங்கள் லைன் எப்படி இருக்கும் தெரியுமா? கன்வேயருக்கு மாவிலை, ரெஞ்சுக்கும் ஸ்பேனருக்கும் சந்தனம், ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு ஒன்று, கன்னடப் பாட்டு ஒன்று. எங்களைப் போன்ற வேதக்காரப் பையன்களும் அன்றைக்கு ஒதுங்கி நிற்க மாட்டோம். "டேய் அந்தோணி, பூசணிய நீ உடைடா. உங்க சாமி கோச்சுக்கிட்டா என் பேரச் சொல்லிடு" என்பார் சூப்பர்வைசர். அந்தத் தெம்பில்தான் நகாயியிடம், "நானே செய்கிறேன்" என்றேன்.

முதல் ஞாயிறு, மேளக்காரர்கள் அடிக்கத் தொடங்கியதும் ஹெட்லைட்டுக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன். இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். வெள்ளைப் பூசணி கிடைக்கவில்லை, மஞ்சள் பூசணிதான். அதில் ஓட்டை போட்டு, கை நிறையக் குங்குமத்தைக் கொட்டி, மேலே கற்பூரம் ஏற்றி, வண்டியைச் சுற்றி மும்முறை வந்து ஓங்கி உடைத்தேன். சிவப்பு தெறித்தது. நிமிர்ந்தால் மேளம் நின்றிருந்தது. ஒருத்தி தன் குழந்தையின் முகத்தைப் பாவாடைக்குள் புதைத்துக்கொண்டாள். பின்னாலிருந்து "முலோகோ" என்றது ஒரு குரல். சூனியக்காரன் என்று அர்த்தம். வாஸ்வா என்னைப் பார்த்தார், சக்கரத்தடியில் இருந்த பழத்தைப் பார்த்தார், வண்டியை எடுக்கவில்லை. ஊர்வலம் வேறொரு பைக்கின் பின்னால் போனது.

மறுநாள் ஸ்டேஜில் யாரும் என்னிடம் தூங்கினாயா என்று கேட்கவில்லை. அதைவிடக் கொடுமை, வாஸ்வாவின் வண்டியில் யாரும் ஏறவில்லை. கூடையோடு வந்த பெண்கள் அவர் பைக்கைச் சுற்றிக்கொண்டு அடுத்த பைக்குக்குப் போனார்கள். "என் பக்கத்துலதானே முழங்கால் போடுறே," என்றார் வாஸ்வா, "அப்புறம் ஏன் என் பொழப்புல ரத்தத்தைக் கொட்டினே?" ரத்தம் இல்லை, மஞ்சள்தூளில் செய்கிற குங்குமம்தான் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. எங்கள் மேனேஜர் கோயமுத்தூர்க்காரர். "கம்பெனி வேன்ல வந்துருங்க தம்பி, எதுக்குங்க வம்பு?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் நான் வேனில் ஏறினால், வாஸ்வா வண்டியில் ஏதோ இருக்கிறது என்று நானே ஊருக்குச் சொன்னதாகிவிடும். முடியாது என்றேன். தினமும் அதே வண்டியில், சந்தைக்குள் சுற்றிப் போகச் சொல்லி, எல்லார் கண்ணிலும் படும்படி உட்கார்ந்து போனேன். ஏறியது நான் ஒருவன்தான்.

அந்த வாரக் கடைசியில் வண்டிக்காரர்களுக்குத் தலைவரான ஸ்டேஜ் சேர்மனிடம் நேராகவே போனேன். தொப்பை வைத்த, சிரிக்காமல் கிண்டல் பண்ணும் மனிதர். அழகான பொருளைப் பலர் ஆசையாகப் பார்த்தால் கண் படும், அதைக் கழிக்கத்தான் பூசணி என்று விளக்கினேன்.

"அப்போ யாராவது வண்டி நல்லாருக்குன்னு பார்த்தா, நீங்க காயைப் போட்டு உடைப்பீங்க?"

"ஆமா."

"திங்கிற காயை?"

"ஆமா."

"நாங்க கண் வைப்போம், சூனியம் வைப்போம்னு உனக்கு யார் சொன்னது?"

"எங்க அம்மா" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. மரத்தடியில் சிரிப்பு வெடித்தது. சேர்மன் மட்டும் சிரிக்காமல், "அவங்களைக் கூப்பிடு" என்றார்.

வீடியோவில் அம்மா பண்ணையில் நின்றாள். தலையில் துண்டு, பின்னால் வரிசை வரிசையாக ரோஜா. சேர்மன் போனைப் பிடித்துக்கொண்டு, முறை தவறாமல், அம்மணி என்ற மரியாதையும் சேர்த்து, "வாசுஸே ஓத்யா, ஞாபோ?" என்றார்.

"என்னடா கேக்கறாரு?"

"ராத்திரி நல்லா தூங்கினியான்னு கேக்கறாரும்மா."

அம்மா துண்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்க தூங்கறது, ஒரே கொசு. இத்தன வருசமா பூ வெட்டறன், ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லன்னு சொல்லு."

சொன்னேன். சேர்மன், "என் தங்கச்சியும் எண்டெபே பக்கம் ரோஜாப் பண்ணையிலதான்" என்றார், குரல் இறங்கியிருந்தது. நான் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அட பாவி, புது ஊர்ல போயி யாரையும் கேக்காம அதெல்லாம் செய்வாங்களா? யாரு வண்டி அது?" என்றாள். வாஸ்வாவைக் காட்டினேன். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ராசா மாதிரி இருக்கறாரு. என் கண்ணே பட்டுடும்" என்று சிலுவை போட்டுக்கொண்டு, போன் திரையிலேயே அவர் முகத்தை வழித்து, இரண்டு கையையும் தன் நெற்றிப்பொட்டில் அழுத்தி நெட்டி முறித்தாள். பத்து விரலும் சடசடவென்று ஸ்பீக்கரில் கேட்டது. இவ்வளவுதான், நான் செய்ததும் இதேதான் என்றேன். ஸ்டேஜில் ஒவ்வொருவராக நெற்றிப்பொட்டில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார்கள். சேர்மனுக்கு ஒரு விரல்கூடச் சத்தம் போடவில்லை. எரிச்சலோடு வாஸ்வாவின் பைக்கில் ஏறி, "சந்தைக்குள்ள விடு, மெதுவா" என்றார்.

கடைசி ஞாயிறு தலைவண்டி மறுபடியும் வாஸ்வாவுடையது. நான் ஒதுங்கித்தான் நின்றேன். சேர்மனே ஓர் எலுமிச்சம்பழத்தோடு வந்து முன் சக்கரத்தடியில் வைத்தார். "இது உங்க ஊருக்கு. பின் சக்கரம் எங்களுது, அங்க ஒண்ணும் வைக்கக் கூடாது" என்று மேளத்துக்குக் கைகாட்டினார். வாஸ்வா பின் சீட்டைத் தட்டிக் கூப்பிட்டார். நகாயி தைத்த மரப்பட்டைத் துணியின் மேல், பின்னால் நான் உட்கார்ந்தேன். முன் சக்கரம் பழத்தை நசுக்கி ஏறியது. மறு நொடியே, எனக்கு நேர் கீழே, பின் சக்கரமும் அதே ஈரத்தின் மேல் ஏறி இறங்கியது.