உளிக்கு அடியில் இருந்தவள்

திருடிவிட்டு ஓடினாளாம்! சொல்கிறவர்கள் வாய் வலிக்கச் சொல்லட்டும். உளிக்காரி ஒரு குந்துமணி வெள்ளியும் எடுக்கவில்லை. அவளால் ஓங்கி அடிக்க முடியவில்லை, நடந்தது அவ்வளவுதான்.

வெள்ளி உருக்கும் பட்டறையில் அவளுக்குக் காசு வெட்டும் வேலை. பழைய காசை இரும்புப் பட்டடையில் வைத்து உளியால் ஒரு போடு போடுவாள். உள்ளேயும் வெள்ளி என்றால் உலைக்குப் போகும். செம்பு தெரிந்தால் ஒதுக்கிவிடுவாள். "காசுல இருக்கிற ராஜா கன்னத்தையே கிழிக்கிறவ, நம்மள விட்டுவைப்பாளா?" என்று உலைக்காரர் விலகி வழிவிடுவார்.

வீட்டில் அவள் அம்மா, நடமாட்டம் நின்றபின், வாசலில் நாற்காலி போட்டுக் கைத்தடியை ஊன்றியபடி மகள் வரும் வழியையே பார்த்திருப்பாள். வேலை அதிகமாகி உளிக்காரி தாமதித்த ஒரு மாலையில், அம்மா உட்கார்ந்தபடியே குளிர்ந்துபோயிருந்தாள்.

அந்தத் துக்கம் ஆறுமுன் ரோமாபுரிக் காசுகள் ஒரு பானை நிறைய வந்தன. ஒருபுறம் மாலை சூடிய ராஜா தலை. திருப்பினால் நாற்காலியில் ஒரு பெண். ஒரு கையில் நீண்ட கோல், மறுகையில் ஏதோ கிளை. உளிக்காரி அடுத்த காசை எடுத்துத் திருப்பினாள். எந்தக் காசைத் திருப்பினாலும் அவளேதான், யாருக்கோ காத்திருந்தாள்.

தலைப்பக்கம் வெட்டினாலும் கீழே இருப்பவள் இரும்பில் நசுங்குவாள். அதனால் அடியில் தோல்துண்டு விரித்து மெல்லத் தட்டினாள். அப்படியும் ஒவ்வொரு தட்டுக்கும் முதுகுக்குப் பின்னால் தடி ஊன்றும் சத்தம் கேட்டது. திரும்பினால் சுவர்.

உளி ஆழம் இறங்கவில்லை. மேலே வெள்ளி, உள்ளே செம்பு என்றிருந்த காசுகள் தப்பிப்போய், உருக்கியது முழுக்கக் கெட்டது.

"நல்ல காச எடுத்துக்கிட்டு கள்ளக்காசப் போட்டுட்டியா?" என்றார் முதலாளி.

"தோல் போட்டேங்க. அதான் வெட்டு ஆழமா விழல."

"தோல் எதுக்கு?"

"கீழ இருக்கிறவங்களுக்கு வலிக்குமே."

பட்டறையே சிரித்தது. உலைக்காரர் மட்டும், "உலைல போட்டா எல்லாம் தண்ணிதானேம்மா?" என்றார்.

"அது என் கையால இல்லையே அண்ணே."

"மிச்சத்த என் கண்ணு முன்னால, தோல் இல்லாம வெட்டு," என்றார் முதலாளி. "இல்லேன்னா நீ திருடிதான். ஊருக்கே சொல்லுவேன்."

காசை வைத்தாள். சுத்தியலை ஓங்கினாள். பின்னால் தடிச்சத்தம் சட்டென்று நின்றது, அடி விழப்போகிறதென்று யாரோ மூச்சை அடக்கிக்கொண்டதுபோல. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டாள்.

வெள்ளிப்பொடி வெளியே போகாமலிருக்கக் கைகழுவும் தொட்டி ஒன்று வாசலோரம் உண்டு. அதில் முழங்கைவரை கழுவினாள். நகக்கண்ணையும் விடாமல் தேய்த்தாள். முந்தானையை எல்லாரும் பார்க்க உதறினாள்.

"வாசலத் தாண்டினா திருடிதான்!"

"சொல்லிக்குங்க," என்று ஈரக்கையோடு படியிறங்கிப் போய்விட்டாள்.