மூலை மேசையின் கறையான்காரர்

ராய்ஸ் டில்லரி தொலைக்காட்சியின் ஒலியை முதலில் அடைத்துவிட்டுத்தான் வானொலியைத் திறப்பார். கல்லூரி அணி ஆடுவது, பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்கக் கால்பந்தாட்டம். அதை வானொலியில் வருணிப்பவர் உள்ளூர்க்காரர். ராய்ஸுக்கு அந்தக் குரல்தான் வேண்டும். குரல், படத்தைவிடச் சற்று முந்தி வரும். ஆகவே, திரையில் பந்து ஆட்டக்காரனின் கையில் பத்திரமாக இருக்கும்போதே அவர் தலையில் அடித்துக்கொள்வார். மற்றவர்கள் அதைப் பார்த்துத் திடுக்கிட்ட பிறகுதான் பந்து நழுவும். மிசிசிப்பியின் லார்க்கின் நகரத்தில் அவரோடு அமர்ந்து ஆட்டம் பார்க்க வருவோர் ஆண்டுக்காண்டு குறைவதற்கு இதுவே காரணம்.

தொழில், கறையானுக்கு மருந்தடிப்பது. மரவீடுகளின் அடியில் வயிற்றால் ஊர்ந்து போய், உத்தரங்களைத் தட்டிப் பார்ப்பார். வெளியே வந்து முழங்கை மண்ணை உதிர்த்துவிட்டு, "அரிச்சிருக்கு" என்பார். இல்லையென்றால் "அரிக்கல" என்பார். மூன்றாவது சொல் அவரிடம் கிடையாது. ஆசை ஆசையாக வீடு வாங்கப் புறப்பட்ட சொந்த மைத்துனரிடமும் முதற்சொல்லைத்தான் சொன்னார். மைத்துனர் வெகுகாலம் அவரோடு பேசவில்லை.

காலை வேளைகளில் அவரை ட்விலாவின் சிற்றுண்டிக் கடையில், மூலை மேசையில் காணலாம். எதிரே கார் வியாபாரி ஹோய்ட் பார்னெட். பக்கத்தில், அஞ்சல் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்ற லெம் சடத். வெண்ணெய் மிதக்கும் சோளக்கஞ்சி ஆறுவதற்குள் மூவரும் அணியின் தலைவிதியை எழுதி முடித்துவிடுவார்கள். இது வெறும் வாய்ப்பேச்சு அன்று. கல்லூரிக்கு நன்கொடை அள்ளிக் கொடுப்பவர் ஹோய்ட். விளையாட்டுத் துறைத் தலைவர் அவருடைய அழைப்பைத் தட்டுவதில்லை. மேசையில் இருவர் ஒத்துப்போனால் அதையே ஊரின் கருத்தாக அவர் சொல்லிவிடுவார்.

பழைய பயிற்சியாளரை நீக்கியதிலிருந்து மேசை சூடாகவே இருக்கிறது. இப்போதைக்குப் பொறுப்பில் இருப்பவர் மேப்ரி. லெம்முக்கு அவரே தொடர வேண்டும். ஹோய்ட்டுக்கு, டெக்சாஸில் பயிற்சியாளராக இருக்கும் ப்ரூவர் வர வேண்டும்.

"மேப்ரி நம்மூர் ஆளுய்யா. சர்ச்சுல எனக்கு முன் வரிசையில உக்கார்றான்."

"அங்கேயே உக்காரட்டும். போன ஆட்டத்துல பந்தோட ஒரே ஒரு கஜம் முன்னால போகணும். ஒரே கஜம். பயந்துபோயி பந்தை உதைச்சு எதிராளிகிட்ட குடுத்தானே."

"தரை ஈரம்."

"அவங்களுக்கு மட்டும் கம்பளமா விரிச்சிருந்தாங்க?" என்ற ஹோய்ட் கைபேசியை நீட்டினார். விமானங்கள் நகர்வதைக் காட்டும் வரைபடம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. "டெக்சாஸ்லேர்ந்து ஒண்ணு கிளம்பியிருக்கு. ப்ரூவர் இதுலதான் வர்றாரு போல. மூக்கு நம்ம பக்கம்தான், பாரு."

"போன வாரமும் இதையேதான் சொன்ன. பதாகையைத் தூக்கிக்கிட்டு விமான நிலையத்துக்கு ஓடினோம். இறங்கினவன் கோழித் தீவனம் விக்கிறவன்."

"நல்லாத்தான் கையசைச்சான்."

"பாவம், அவனுக்கு யாரு இப்படி மரியாதை பண்ணியிருப்பா?"

இத்தகைய பேச்சில் முந்திக்கொள்ளும் ராய்ஸ், இந்த முறை கஞ்சியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். காரணம் மேசைக்குத் தெரியும். அணியின் முன்வரிசை ஆட்டக்காரர்களைப் பழக்குபவர் அவருடைய மருமகன் டாரெல். மேப்ரி நிலைத்தால் டாரெலும் நிலைப்பார். வெளியிலிருந்து வருபவரோ தம் ஆட்களோடுதான் வருவார்; பழையவர்கள் வேறு ஊரில் வேலை தேட வேண்டியதுதான். மகள் ஷெல்பி டாரெலோடு அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். வசந்தத்தில் அவளுக்குப் பிள்ளை பிறக்க இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை ஹோய்ட் நேராகவே கேட்டார்.

"ராய்ஸு, இன்னிக்குள்ள நான் கல்லூரிக்குச் சொல்லியாகணும். ஆளுக்கு ஒரு பக்கம் நிக்கிறோம், நீதான் பாக்கி. உன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாதா? மேப்ரின்னு சொல்லு. ஒரு வார்த்தை மாத்தாம அப்படியே சொல்லிடறேன்."

"சொல்லிடுப்பா," என்றார் லெம். "யாரு உன்னைக் குத்தம் சொல்லப்போறா?"

ராய்ஸ் கரண்டியைக் கிண்ணத்தின் விளிம்பில் வழித்துத் துடைத்தார்.

"மேப்ரி நல்ல மனுஷன்."

"சரி, அவ்வளவுதானே?"

"நல்ல மனுஷன்தான், ஹோய்ட். ஆனா கோச் இல்ல. முன்வரிசையும் சரியில்ல. இந்த வருஷம் முழுக்க சரியில்ல."

லெம் வாயருகே கொண்டுபோன கோப்பையை அப்படியே கீழே வைத்தார்.

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"ப்ரூவரைக் கூப்பிடச் சொல்லு."

ஹோய்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு பேசுவதற்காக வெளியே போனார். லெம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ராய்ஸ் மிச்சக் கஞ்சியைச் சாப்பிட்டு முடித்து, கல்லாவருகே போனார்.

"ட்விலா, முட்டை வர்ற அட்டைப்பெட்டியெல்லாம் தூக்கித்தானே போடறே?"

"ஆமா. ஒண்ணு ரெண்டு வேணுங்களா?"

"இருக்கிற எல்லாத்தையும் குடு. இனிமே வர்றதையும் எடுத்து வை."

பின்கட்டிலிருந்து ஒரு கட்டு வந்தது. அவருடைய வண்டியின் பின்புறத்தில் இடம் நிறைய இருந்தது. ஆனால் அங்கே மருந்துக் கேன்கள் நின்றன. வீடு மாறும்போது ஷெல்பி கட்டவேண்டிய சாமான்களில் நெடி ஏறிவிடாதபடி பெட்டிகளை முன்னிருக்கையில், தமக்குப் பக்கத்தில் அடுக்கினார். பிறகு இருக்கைப் பட்டையை இழுத்து, அவற்றின் குறுக்கே மாட்டினார்.