எர்மெலிண்டா பேசாத பேச்சு

எர்மெலிண்டா அக்கா இளமையில் திரையில் பதினேழு முறை தோன்றினார். பதினேழு முறையும் வேலைக்காரி. கதவைத் திறக்க வேண்டும், தட்டை வைக்க வேண்டும், "அம்மா, டாக்டர் வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். தெற்கே தெவாந்தெபெக்கிலிருந்து மெக்சிகோ நகரத்துக்கு வந்து, நடிப்புப் பள்ளியில் முதலாவதாகத் தேறியவர். ஆனால் கறுத்த நிறம், அகன்ற முகம், இடுப்புவரை தொங்கும் பின்னல். நடிகர் தேர்வு நடத்திய ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னாராம்: "நல்லாத்தான் நடிக்கிறே பொண்ணு. ஆனா எங்க கதையில வர்ற பெரிய வீட்டுக்கு உன்னை மகள்னு சொன்னா எவன் நம்புவான்?"

இதை அக்கா சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நாங்களும் சிரிப்போம். அதற்குமேல் என்ன செய்வதென்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியவில்லை.

என் பெயர் பௌலினோ. போர்த்தாலெஸ் பகுதியில் ஒரு டப்பிங் கூடத்தில் முப்பத்தெட்டு வருஷம் ஒலிப்பதிவாளனாக இருந்தேன். உலகத்துத் தொடர்களெல்லாம் எங்கள் கூடத்துக்குள் நுழைந்து, ஸ்பானிய மொழி பேசிக்கொண்டு வெளியே போகும். எண்பத்து நாலில் அக்கா அங்கே கூட்டக் குரலுக்கு வந்தார். சந்தை, விருந்து, நீதிமன்றம் என்று எங்கே கசமுசாவென்று சத்தம் வேண்டுமோ அங்கே பத்துப் பேரில் ஒருவராக நின்று முணுமுணுக்கிற வேலை.

அப்போது ஒரு புதுத் தொடர் வந்திருந்தது. கதாநாயகி வெர்னா, ஏழு கப்பல்களுக்குச் சொந்தக்காரி. அவளுக்குக் குரல் தேடி மூன்று நாளாக ஆள் மாற்றிக்கொண்டிருந்தார் எங்கள் இயக்குநர் கில்டார்டோ. எந்தக் குரலும் பிடிக்கவில்லை. அந்தச் சமயம் வாசலில் அக்கா, மக்காச்சோள மாவில் அவித்த தமாலே விற்கிற பெண்ணோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"நேத்து மிளகாய் போட்டுக் கேட்டேன், இனிப்பைக் கட்டிக் கொடுத்துட்டே. இன்னைக்கும் அதேவா? என் மூஞ்சியைப் பார்த்தா இனிப்பு தின்கிற மூஞ்சி மாதிரியா இருக்கு?"

கில்டார்டோ வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வசனத்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை. கையை மட்டும் தூக்கினார். "யாரும்மா அது? மறுபடி திட்டு."

அன்று மாலைக்குள் அக்கா வெர்னா ஆகிவிட்டார். இருபத்திரண்டு வருஷம், வெர்னாவாக நடித்த அந்த நடிகை எந்தப் படத்தில் நடித்தாலும் தெற்கே சிலே வரைக்கும் மக்கள் கேட்டது எங்கள் அக்காவின் குரலைத்தான். அக்கா வாயைத் திறந்தால் டாக்ஸிக்காரர்கள் கண்ணாடியில் பார்ப்பார்கள். ஒரு முறை சந்தையில் அவகாடோக்காரன் எடை குறைத்தபோது, வெர்னா தன் மேலாளரை வேலையைவிட்டு நீக்குகிற குரலில் அக்கா நாலு வார்த்தை சொன்னார். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு இரண்டு பழம் கூடவே போட்டான்.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது வாசனைதான். ஜன்னல் இல்லாத அறை, ஒரே மைக், அதைச் சுற்றி ஆறு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் குடித்த காப்பி இன்னொருவர் மூச்சில் மணக்கும். காதல் காட்சியில் முத்தச் சத்தத்துக்கு அக்கா தன் புறங்கையில் தானே முத்தமிடுவார். வில்லனுக்குப் பேசுகிற தொந்திக்கார ரெமிஹியோ பக்கத்தில் நின்று, "அந்தக் கை என்ன புண்ணியம் பண்ணிச்சோ" என்பார். எல்லோரும் சிரித்து, எடுத்தது வீணாகி, நான் டேப்பைப் பின்னால் சுற்றுவேன். ஒரு நாள் மின்சாரம் போய்விட்டது. யாரும் நகரவில்லை. இருட்டிலேயே மனப்பாடமாக மீதிக் காட்சியைப் பேசி முடித்தார்கள். பதிவாகாத அந்தக் காட்சியைப் போல ஒன்றை நான் பிறகு கேட்கவில்லை.

அக்காவின் முகம் மட்டும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. தொடரின் உரிமைக்காரர் ஒருவர் கூடத்தைப் பார்க்க வந்தார். "வெர்னாவை நான் சந்திக்கணும்" என்றார். அக்கா சிரித்த முகமாக எதிரே வந்தார். அந்த மனிதர் தன் மேல்கோட்டைக் கழற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டு, அவரைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

அக்கா கோட்டை அவர் கையிலேயே திருப்பி வைத்தார். வெர்னாவின் குரலில், "அதோ சுவத்துல ஆணி இருக்கு. நீங்களே மாட்டிக்கலாம்" என்றார்.

மனிதருக்குக் காது வரை சிவந்துவிட்டது. ஆனால் அடுத்த மாதம் ஒரு பத்திரிகை எங்கள் குழுவைப் பற்றி எழுதியபோது எல்லோர் படமும் வந்தது. அக்காவின் பெயருக்கு மேலே மட்டும் ஒரு மைக்கின் படம்.

பிறகு காலம் மாறியது. கணினி வந்ததும் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து தங்கள் வரிகளை மட்டும் பேசிவிட்டுப் போனார்கள். ரெமிஹியோ செத்துப்போனது அக்காவுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த ஒரு வாரமும் அக்கா ரெமிஹியோவின் குரலோடுதான் சண்டைக் காட்சி பேசிக்கொண்டிருந்தார்; அது முன்பே பதிவு செய்து வைத்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நிறுவனம் முந்நூறு வாக்கியங்களோடு வந்தது. கார்களுக்கு வழி சொல்லும் கருவி, அதற்கு ஒலிச் சோதனை என்றார்கள். கோபமாக இருபது, சந்தோஷமாக இருபது, கெஞ்சலாக இருபது. "வழி சொல்றதுக்கு எதுக்குடா கெஞ்சணும்?" என்று அக்கா என்னைக் கேட்டார். நான் தோளைக் குலுக்கிவிட்டு, பதிவு பொத்தானை அமுக்கினேன். என் விரல்தான்.

அடுத்த ஆண்டு அக்காவை ஊரிலிருந்து அவர் தம்பி மகள் பியானி தொலைபேசியில் அழைத்தாள். பதினாலு வயசு.

"அத்தை, நீங்க சொன்ன களிம்பு வாங்கிட்டேன். எத்தனை நாள்ல வெளுக்கும்?"

"என்ன களிம்புடி?"

"விளம்பரத்துல நீங்கதானே சொல்றீங்க!"

அன்று மதியமே அக்கா என் வீட்டுக்கு வந்து அந்த விளம்பரத்தைப் போட்டுக் காட்டினார். வெள்ளைக்காரிபோல் ஒரு பெண் கன்னத்தைத் தடவிக்கொள்கிறாள். பின்னால் எர்மெலிண்டா அக்காவின் குரல், அந்தக் கெஞ்சல் குரல்: "உங்க நிறம் உங்களைத் தடுக்க விடாதீங்க."

"இதை நான் எப்போ பேசினேன் பௌலினோ? சொல்லு. எனக்குத்தான் மறதி வந்துடுச்சா?"

காதில் மாட்டிக்கொண்டு மூன்று முறை கேட்டேன். அக்கா ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் மூக்கால் சின்னதாக மூச்சு இழுப்பார். அதை வெட்டி வெட்டியே என் இளமை போனது. இதில் மூச்சும் இல்லை, வெட்டின இடமும் இல்லை.

"நீங்க பேசலக்கா. அந்த முந்நூறு வாக்கியத்தை வச்சு மெஷினைப் பேச வச்சிருக்காங்க."

அக்கா விளம்பரத்தை நிறுத்தினார். பிறகு, "என் மூஞ்சி வேண்டாம்னாங்க, பொறுத்துக்கிட்டேன்" என்றார். "இப்போ என் வாயாலேயே அந்தப் புள்ளகிட்ட உன் மூஞ்சி வேண்டாம்னு சொல்ல வச்சுட்டானுங்களே."

அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பழைய பழக்கத்தால் ஒவ்வொரு பதிவுக்கும் நான் கையால் ஒரு தாள் எழுதி வைப்பேன். தேடினேன். 'ஒலிச் சோதனைக்கு மட்டும்' என்று என் எழுத்து, கீழே அந்த நிறுவனத்தின் ஆள் போட்ட கையெழுத்து. எங்கள் மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னும் ஒரு வருஷத்துல ஓய்வு பெறப்போறீங்க. எதுக்கு இந்த வம்பு?"

அக்கா வழக்குப் போட்டார்; தாளை அவர் வக்கீலிடம் கொடுத்தேன். அடுத்த மாதமே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதை எதிர்த்து டப்பிங் கலைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சதுக்கத்தில் கூடினார்கள். அக்கா முதல்முறையாக ஊர்ப் பாவாடை, பூவேலை ரவிக்கை, பின்னலில் ரிப்பனோடு மேடை ஏறினார். "நான் எர்மெலிண்டா. இந்தக் குரலை உங்களுக்கு நாற்பது வருஷமாத் தெரியும். ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறீங்க. நல்லாப் பார்த்துக்கோங்க" என்றார். ஒரு கிழவர் "வெர்னா!" என்று கத்தினார்.

விளம்பரம் இரண்டு மாதத்தில் காணாமல் போனது. மன்னிப்பு வரவில்லை. அதற்குப் பதில் அந்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பூங்கொத்தோடு வந்தாள். இனி முறைப்படி ஒப்பந்தம் போடலாம், அக்கா காலத்துக்குப் பிறகும் அந்தக் குரல் வாழும் என்றாள்.

"செத்த பிறகாவது நான் வாயை மூடிக்கிட்டு நிம்மதியா இருக்கணும்மா" என்று அக்கா பூவை மட்டும் வாங்கிக்கொண்டார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. எங்கள் கூடத்தில் பாதி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன என்று கேள்வி. நான் அந்தத் தெருப் பக்கம் போவதில்லை.

சதுக்கத்தில் எடுத்த காணொளியைப் பார்த்துவிட்டு இசெல்தா என்ற இயக்குநர் அக்காவைத் தேடி வந்தார். ஆறு வாரத் தொடர் ஒன்றில் நீதிபதி வேடம். முதல் பகுதி வெளியான அன்று தெவாந்தெபெக்கில் தம்பி வீட்டில் தெருவே கூடியிருந்தது. நானும் பேருந்து பிடித்துப் போயிருந்தேன். பியானி முன் வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் கதவு திறந்து நீதிபதி உள்ளே வந்தபோது வீடு அதிர்ந்தது.

அக்காவைக் காணோம். பின்கட்டுக்குப் போனேன். தனியாக நின்று இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்கக்கா, எல்லாரும் தேடுறாங்க."

"நீ போய்ப் பாரு. எனக்கு என் மூஞ்சியைப் பார்க்க வெக்கமா இருக்குடா, பழக்கமே இல்லியே." இன்னொரு இறாலை எடுத்தார். உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது, ஒரு பணக்காரனை எழுந்து நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கேனா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நல்லா இருக்கீங்கக்கா என்றேன். கையைக் கழுவிவிட்டு, பாவாடையில் துடைத்துக்கொண்டு, என் பின்னாலேயே வந்து கதவோரமாக நின்றுகொண்டார்.